நான் எலிப்பாஸ் ஆகிவிட்டேனா?

கேள்வி:

என் நண்பனுக்கு வயது 41. எங்களுக்குள் 22 வருடப் பழக்கம், ஒரே சபை. குடி, புகை எதுவும் கிடையாது, யாரையும் ஏமாற்றியதில்லை. 2 வருடத்துக்கு முன் அவனுடைய இரண்டு சிறுநீரகங்களும் செயலிழந்தன. இப்போது வாரம் 3 நாள் டயாலிசிஸ். ஆரம்பத்தில் வீடு நிறைய ஆள் இருந்தது. கடைசியில் நான் மட்டும்தான் போய் வந்துகொண்டிருந்தேன். 2 மாதத்துக்கு முன் ஒருநாள், "நான் என்னடா தப்பு செஞ்சேன்?" என்று கேட்டான். "சகலமும் நன்மைக்கு ஏதுவாக நடக்கும், யோபுவைப் பாரு" என்றேன். "அப்ப நீதான் எலிப்பாஸ்" என்று, யோபைக் குற்றப்படுத்திய நண்பனின் பெயரைச் சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டான். அன்றிலிருந்து என் போனை எடுப்பதில்லை, சபைக்கும் வருவதில்லை. இதற்கிடையில் ஜெபக்குழுவில் ஒருவர், விசுவாசத்தோடு டயாலிசிஸை நிறுத்தினால் ஆண்டவர் சுகம் தருவார் என்று அவன் மனைவியிடம் சொல்லியிருக்கிறார். அதை எதிர்த்துப் பேசினால் நான் அவிசுவாசியா? நண்பனிடம் எப்படித் திரும்பிப் போவது? உண்மையைச் சொன்னால் எனக்கே ஆண்டவர்மேல் கோபமாக இருக்கிறது.

– பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

பதில்:

அன்புள்ள சகோதரருக்கு,

உங்கள் கடிதத்தில் மற்ற எல்லாம் ஒரு வாரம் பொறுக்கும். டயாலிசிஸ் விஷயம் பொறுக்காது. அதிலிருந்தே தொடங்குகிறேன்.

சிறுநீரகம் முழுவதும் நின்றுபோனவருக்கு டயாலிசிஸ் நோயைக் குணமாக்குவதில்லை. சிறுநீரகம் செய்யவேண்டிய வேலையை, ஒவ்வொரு தடவையும் ஏறக்குறைய 4 மணி நேரம் இயந்திரம் செய்து கொடுக்கிறது. அதை நிறுத்தினால் உடம்பில் நீர் தேங்கி, நுரையீரல்வரை போய் மூச்சுத் திணறும். ரத்தத்தில் பொட்டாசியம் ஏறும். அது எல்லை தாண்டினால் எந்த முன்னறிவிப்பும் இல்லாமல் இதயம் நின்றுவிடலாம். சிலருக்கு ஒரு தடவை தவறினாலே ஆபத்து. முற்றிலும் நிறுத்திவிட்டவர்கள் பெரும்பாலும் சில நாட்களில், அல்லது ஓரிரு வாரங்களில் இறந்துபோகிறார்கள். நிறுத்திப் பார்ப்போம், சரிவராவிட்டால் மறுபடி தொடங்குவோம் என்பதற்கு இதில் இடமில்லை.

எதிர்த்துப் பேசினால் நீங்கள் அவிசுவாசி ஆகிவிடமாட்டீர்கள். யாக்கோபு 5:14 மூப்பர்களை வரவழைத்து, எண்ணெய் பூசி ஜெபிக்கச் சொல்கிறது. மருத்துவத்தை விட்டுவிடச் சொல்லவில்லை. எசேக்கியா ராஜாவுக்கு 15 வருடம் கூட்டிக் கொடுத்த அதே அதிகாரத்தில்தான், அத்திப்பழ அடையைப் பிளவையின்மேல் பற்றுப்போடும்படி ஏசாயா சொல்கிறார் (ஏசாயா 38). லூக்கா ஒரு வைத்தியர். பவுல் தன் உடன் ஊழியனான துரோப்பீமுவை வியாதியோடு மிலேத்துவில் விட்டுவந்ததாக எழுதுகிறார் (2 தீமோத்தேயு 4:20). அவனுக்கு விசுவாசம் குறைவு என்று ஒரு சொல்கூட எழுதவில்லை. தன் மாம்சத்திலே ஒரு முள் என்று பவுல் சொன்ன உபாதை நீங்கவேண்டும் என்று அவரே மூன்று முறை வேண்டிக்கொண்டார். அது நீங்கவில்லை.

இந்த வாரமே நண்பரின் மனைவியை நேரில் பாருங்கள். நீண்ட விளக்கம் வேண்டாம், இவ்வளவு போதும்: "சிஸ்டர், ஜெபிப்போம். டயாலிசிஸ் நடக்கிற நேரத்திலும் ஜெபிப்போம். சுகம் கிடைத்திருந்தால் டாக்டர் ரத்தப் பரிசோதனை பார்த்துச் சொல்லட்டும். அதுவரைக்கும் ஒரு நாள்கூட விடவேண்டாம்." குஷ்டரோகிகளை இயேசு, போய் ஆசாரியர்களுக்குக் காண்பியுங்கள் என்றுதான் அனுப்பினார் (லூக்கா 17:14). சுகமானதைச் சரிபார்ப்பது சந்தேகம் ஆகாது. உபவாச ஜெபத்தில் நண்பரைச் சேர்ப்பதாக இருந்தாலும் முதலில் மருத்துவரைக் கேட்கவேண்டும்.

அந்த ஜெபக்குழுச் சகோதரரோடு குழுவுக்குள் வைத்து வாதாடாதீர்கள். யாருடைய விசுவாசம் பெரிது என்ற போட்டியாக அது மாறிவிடும். நடுவில் உங்கள் நண்பர் ஒரு வழக்கு ஆகிவிடுவார். போதகரிடம் தனியாகச் சொல்லுங்கள். அவர் அந்தச் சகோதரரிடமும் தனியாகப் பேசட்டும், "சிகிச்சையை விடாதீர்கள்" என்று நண்பரின் மனைவியிடம் தன் வாயாலேயே சொல்லட்டும். போதகர் சொல்லும்போது அந்தப் பெண்ணின் தோளிலிருந்து ஒரு பெரிய பாரம் இறங்கும். கணவருக்கு ஏதாவது ஆகிவிட்டால் 'என் விசுவாசக் குறைவுதான் காரணம்' என்ற எண்ணம் அவரை ஆயுள் முழுக்கத் துரத்தக்கூடாது.

இனி எலிப்பாஸ். அந்தப் பெயர் உங்களைக் குத்தியிருக்கும். ஆனாலும் உங்கள் நண்பர் வேதத்தைச் சரியாக வாசித்திருக்கிறார். பிள்ளைகளையும் சொத்தையும் இழந்து நோயில் கிடந்த யோபைப் பார்க்க வந்த எலிப்பாஸ், பில்தாத், சோப்பார் என்ற மூன்று நண்பர்களும் கெட்டவர்களாக வரவில்லை. பேசிவைத்துக்கொண்டு, தூரத்திலிருந்து வந்தார்கள். அவரை அடையாளம் தெரியாமல் சத்தமிட்டு அழுதார்கள். 7 நாள் இரவும் பகலும் தரையில் அவர் பக்கத்தில் ஒரு வார்த்தை பேசாமல் உட்கார்ந்தார்கள். அதுவரை அவர்கள் செய்ததெல்லாம் சரி. 3ஆம் அதிகாரத்தில் யோபு வாயைத் திறந்து, தான் பிறந்த நாளைச் சபிக்கிறார். அங்கேதான் அவர்கள் சறுக்குகிறார்கள்.

ஏன் என்பதற்கு யோபே பதில் சொல்கிறார்: "என் ஆபத்தைக் கண்டு பயப்படுகிறீர்கள்" (6:21). ஒரு நல்ல மனிதனுக்குக் காரணமே இல்லாமல் இப்படி நடக்கும் என்றால் நாளை நமக்கும் நடக்கும். அந்தப் பயத்தை அடக்க ஒரு காரணம் தேவைப்படுகிறது. எலிப்பாஸ் முதலில் மென்மையாகத்தான் கேட்கிறார்: "குற்றமில்லாமல் அழிந்தவன் உண்டோ?" (4:7). பில்தாத், செத்துப்போன பிள்ளைகளே பாவம் செய்திருப்பார்கள் என்கிறார் (8:4). சோப்பார், உன் அக்கிரமத்துக்குத் தேவன் கொடுத்தது குறைவுதான் என்கிறார் (11:6). 22ஆம் அதிகாரத்தில் அதே எலிப்பாஸ், விடாய்த்தவனுக்கு நீ தண்ணீர் கொடுக்கவில்லை, விதவைகளை வெறுமையாய் அனுப்பிவிட்டாய் என்று நடக்காத பாவங்களை அடுக்குகிறார். தன் கொள்கையைக் காப்பாற்றிக்கொள்ள, நண்பன்மேல் பொய்சாட்சி சொல்லும் இடத்துக்கே போய்விட்டார். உங்களுடையது அவ்வளவு தூரம் போகவில்லை. இருந்தாலும் முதல் அடி அதே அடிதான்: அவர் கேட்ட கேள்வி உங்களைப் பயமுறுத்தியது, அதை மூடக் கையில் கிடைத்த வசனத்தை எடுத்துவிட்டீர்கள்.

"யோபுவைப் பாரு" என்று சொல்லும்போது பலரும் நினைப்பது முணுமுணுக்காத ஒரு மனிதரை. யாக்கோபு 5:11 சொல்லும் 'யோபின் பொறுமை' மூல மொழியில் தாக்குப்பிடித்து நிற்பதைக் குறிக்கும் சொல். சத்தம் போடாமல் இருப்பதை அல்ல. 3ஆம் அதிகாரம் முதல் 31 வரை யோபு விடாமல் முறையிடுகிறார், தேவனையே வழக்குக்கு அழைக்கிறார். முடிவில் கர்த்தர் எலிப்பாஸைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, என் தாசனாகிய யோபைப்போல் நீங்கள் என்னைக்குறித்து நிதானமானதைப் பேசவில்லை என்கிறார் (42:7). கர்த்தருக்காக வாதாடியவர்கள்மேல் கோபம். கர்த்தரோடு வாதாடியவருக்கு அங்கீகாரம். இதை நீங்கள் நிதானமாக உட்கார்ந்து யோசிக்கவேண்டும். ஆண்டவரைக் காப்பாற்றும் வேலையை யாரும் உங்களுக்குத் தரவில்லை.

நீங்கள் சொன்ன ரோமர் 8:28 பொய்யான வசனம் அல்ல. அதற்கு இரண்டு வசனம் முன்னால் பவுல், என்ன வேண்டிக்கொள்வது என்றே நமக்குத் தெரியவில்லை, ஆவியானவரே வாக்குக்கடங்காத பெருமூச்சுகளோடு வேண்டுகிறார் என்கிறார். பெருமூச்சை விட்டுவிட்டு 28ஐ மட்டும் கிள்ளி எடுத்தால், பாடுபட்டவர் தன் வாயால் சொன்ன நம்பிக்கை, பாடுபடாதவர் சொல்லும் சமாதானமாக மாறிவிடுகிறது. இன்னொன்றையும் தவிருங்கள்: 'தாங்கமுடியாததை ஆண்டவர் தரமாட்டார்' என்பது. 1 கொரிந்தியர் 10:13இல் 'திராணிக்கு மேலாக' என்று இருப்பதால் இது பிறந்தது. நம் வேதாகமத்தில் 'சோதனை' என்ற ஒரே சொல் துன்பத்துக்கும் பாவத்துக்கு இழுக்கும் தூண்டுதலுக்கும் வருகிறது, குழப்பம் அங்கே. அந்த அதிகாரம் பேசுவது விக்கிரகாராதனையையும் வேசித்தனத்தையும் பற்றி. துன்பத்தைப் பற்றி அதே பவுல், எங்கள் பலத்துக்கு மிஞ்சின பாரம், பிழைப்போம் என்ற நம்பிக்கையே அற்றுப்போயிற்று என்று எழுதினார் (2 கொரிந்தியர் 1:8).

அப்படியானால் "என்ன தப்பு செஞ்சேன்?" என்பதற்கு என்ன சொல்லியிருக்கலாம்? "நீ எந்தத் தப்பும் செய்யலை. ஏன்னு எனக்குத் தெரியலை." இவ்வளவுதான். இது இயேசு சொன்னதற்கு மாறானது அல்ல. சீலோவாம் கோபுரம் விழுந்து செத்த 18 பேர் மற்றவர்களைவிடக் குற்றவாளிகள் அல்ல என்று அவர் சொன்னார் (லூக்கா 13:4). பிறவிக் குருடன் விஷயத்தில், யார் செய்த பாவம் என்று சீஷர்கள் கேட்டதற்கு, இவனும் அல்ல, இவனைப் பெற்றவர்களும் அல்ல என்றார் (யோவான் 9:3). யோபுக்கே, முதல் 2 அதிகாரங்களில் தன்னைக்குறித்துக் கர்த்தருக்கும் சாத்தானுக்கும் இடையே நடந்தது என்ன என்று கடைசிவரை யாரும் சொல்லவில்லை. தெரியாது என்று சொல்ல உங்களுக்கு முழு அனுமதி உண்டு.

இப்போது திரும்பிப் போகும் வழி. எலிப்பாஸுக்குக் கர்த்தர் சொன்ன பரிகாரமே "யோபினிடத்தில் போ" என்பதுதான். போன் எடுக்காதவரைத் திரும்பத் திரும்ப அழைக்காதீர்கள். ஒரு செய்தி அனுப்புங்கள், ஏறக்குறைய இப்படி:

"நீ மனசுவிட்டுக் கேட்டப்ப நான் வசனத்தால வாயை அடைச்சிட்டேன். தப்பு. மன்னிச்சிடு. நீ எந்தத் தப்பும் செய்யலை. வியாழக்கிழமை டயாலிசிஸ் முடிஞ்சதும் உன்னை வீட்டுக்குக் கூட்டிட்டுப் போக வாசல்ல நிக்கிறேன். பேசவேண்டியதில்லை. வேணாம்னா 'வேணாம்'னு ஒரு வார்த்தை அனுப்பு."

இதில் 'ஆனால்' என்ற சொல் இல்லை என்பதைக் கவனியுங்கள். "நல்லதுக்குத்தான் சொன்னேன், ஆனால்" என்று ஆரம்பித்தாலே மன்னிப்பு செத்துவிடும். நாளும் வேலையும் குறிப்பாக இருக்கின்றன. "எது வேணும்னாலும் சொல்லு" என்றால் யோசித்து, கூச்சப்பட்டுக் கேட்கும் வேலையை நோயாளியின் தலையில் வைத்துவிடுகிறோம். மறுப்பதற்கும் எளிய வழி இருக்கிறது. அவர் வேண்டாம் என்றால் போகாதீர்கள். 10 நாள் கழித்து இதேபோல் சின்னதாக இன்னொன்று அனுப்புங்கள், கேள்வி எதுவும் இல்லாமல். இடையில் வசனப் படங்கள், சுகமடைந்தவர்களின் சாட்சிக் காணொளிகள் எதுவும் அனுப்பவேண்டாம். அந்தச் சாட்சிகள் அவர் காதில் 'உனக்கு மட்டும் இல்லை' என்றுதான் கேட்கும். மூன்று மாதமாவது இப்படிச் செய்யத் தயாராக இருங்கள்.

அவர் கதவைத் திறந்தபின் தெரிந்திருக்கவேண்டியவை சில. டயாலிசிஸ் முடிந்த அன்று பலருக்கு உடம்பு துவண்டு கிடக்கும். அன்றைக்கு வண்டியில் ஏற்றி இறக்கிவிட்டு வந்துவிடுங்கள். உட்கார்ந்து பேச அடுத்த நாள் நல்லது. அரை மணி நேரம் போதும், அவரே நீட்டினால் இருங்கள். கட்டில் கால்மாட்டில் நிற்காமல் அவர் முகத்துக்கு நேராக உட்காருங்கள். ஊசி ஏற்றுவதற்காக ஒரு கையில் ரத்தக்குழாய்களை இணைத்திருப்பார்கள். எந்தக் கை என்று கேட்டுக்கொண்டு, அதைப் பிடிக்காதீர்கள், அழுத்தாதீர்கள், பாரம் எதையும் அதில் கொடுக்காதீர்கள். உங்களுக்குச் சளியோ காய்ச்சலோ இருந்தால் போகவேண்டாம்.

கையில் பழம் வாங்கிக்கொண்டு போகாதீர்கள். வாழைப்பழம், ஆரஞ்சு, பழச்சாறு, இளநீர் எல்லாவற்றிலும் பொட்டாசியம் அதிகம். நல்ல சிறுநீரகம் அதை வெளியேற்றிவிடும். இவருக்கு அது இதயத்தைத் தாக்கும். உப்பு போட்ட தின்பண்டமும் கூடாது, தாகம் கூடும். குடிக்கும் தண்ணீருக்கோ நாளுக்கு இவ்வளவுதான் என்று அளவு இருக்கிறது. "ஒரு வாய் குடி" என்று வற்புறுத்தக்கூடாது. என்ன கொண்டுவரலாம் என்று அவர் மனைவியிடமே கேளுங்கள். வசனத்துக்கும் இதே விதிதான். நல்ல பழம்தான், ஆனால் இந்த உடம்பு இன்று எதைத் தாங்கும் என்று கேட்காமல் ஊட்டினால் கெடுதல். மனதுக்கமுள்ளவனுக்குப் பாட்டுப் பாடுவது, குளிர்காலத்தில் அவன் வஸ்திரத்தைக் களைவதைப் போன்றது என்கிறது நீதிமொழிகள் 25:20.

ஜெபிக்குமுன் "ஜெபிக்கட்டுமா?" என்று கேளுங்கள். வேண்டாம் என்றால் முகம் வாடாமல் விட்டுவிடுங்கள்; வீட்டுக்கு வந்து ஜெபிக்கலாம். சரி என்றால் ஒரு நிமிடம் போதும். ஜெபத்துக்குள் அவருக்குப் பிரசங்கம் வைக்காதீர்கள், ஆண்டவர் சார்பில் வாக்குறுதி கொடுக்காதீர்கள். ஊசி குத்தும் இடத்தின் வலி, தூக்கம், தாகம், பிள்ளைகள் என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். "தாகமாயிருக்கிறேன்" என்று சிலுவையில் சொன்னவரிடம் தாகத்தைப் பற்றிப் பேச முன்னுரை தேவையில்லை.

ஆண்டவரைத் திட்டினால் திட்டட்டும். ஆனால் இரண்டு பேச்சுகளை மட்டும் கேட்டதும் கேளாததுபோல் விடாதீர்கள். ஒன்று, "செத்துப்போயிட்டா நல்லாயிருக்கும்" என்பது. சாக விரும்பினவர்களை வேதம் திட்டவில்லை; சூரைச்செடியின் கீழ் சாக வேண்டிக்கொண்ட எலியாவைத் தூதன் தட்டி எழுப்பி, அடையும் தண்ணீரும் கொடுத்து, மறுபடி தூங்கவிட்டு, மறுபடி சாப்பிடச் சொன்னார் (1 இராஜாக்கள் 19). நீங்கள் நேராகக் கேளுங்கள்: "தற்கொலை செஞ்சுக்கணும்னு தோணுதா? எப்படின்னு யோசிச்சு வெச்சிருக்கியா?" கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைக்காது. ஆம் என்றால் தனியாக விடாதீர்கள். அன்றே குடும்பத்துக்கும் அவருடைய மருத்துவருக்கும் சொல்லுங்கள். ரகசியமாக வைத்துக்கொள்வதாகச் சத்தியம் செய்யாதீர்கள். டயாலிசிஸ் எடுப்பவர்களிடம் மனச்சோர்வு நோய் அதிகம். அதற்குச் சிகிச்சை உண்டு. மற்றது, "இனி டயாலிசிஸ் வேணாம்" என்று அவரே சொல்வது. அது வலியா, செலவா, வீட்டுக்குப் பாரமாகிவிட்டோம் என்ற எண்ணமா, குழுவில் யாராவது சொன்னதா என்று பொறுமையாகக் கேளுங்கள். அவரும் மனைவியும் மருத்துவரும் ஒன்றாக உட்கார்ந்து பேசவேண்டிய விஷயம் அது. நீங்கள் தீர்ப்புச் சொல்லவேண்டியதில்லை.

தனி ஆளாக இதைச் சுமக்காதீர்கள். கப்பர்நகூமில் திமிர்வாதக்காரனை 4 பேர் சுமந்தார்கள் (மாற்கு 2:3). நண்பரின் சம்மதத்தோடு சபையில் இன்னும் மூன்று பேரைக் கேளுங்கள். வாரத்தில் ஒரு டயாலிசிஸுக்கு அழைத்துப்போவது ஒருவர், பிள்ளைகளின் பாடம் ஒருவர், மருந்தும் பில்லும் ஒருவர். நீங்கள் அவரோடு உட்காருங்கள். அந்த ஒரு டயாலிசிஸின் 4 மணி நேரம் அவர் மனைவிக்குச் சொந்தம். தூங்கட்டும், யாரும் அவரிடம் கணக்குக் கேட்கவேண்டாம். இரண்டு வருடமாக இந்த வீட்டில் நோயாளியைத்தான் எல்லாரும் நலம் விசாரித்திருப்பார்கள். நண்பரின் ரத்தப் பரிசோதனை விவரங்களை வாட்ஸ்அப் குழுவில் ஜெபக்குறிப்பாகப் போடாதீர்கள், அவர் சொன்னால் ஒழிய.

கடைசியில் உங்கள் கோபம். சங்கீதங்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு புலம்பல். 13ஆம் சங்கீதத்துக்கு 6 வசனம்தான். முதல் 2 வசனத்தில் 'எதுவரைக்கும்' என்று திரும்பத் திரும்பக் கேட்கிறது. ஒரு வாரம் தினமும் அதைச் சத்தமாக வாசியுங்கள். அதுவும் ஜெபம்தான். மார்த்தாளும் மரியாளும் இயேசுவிடம் ஒரே குற்றச்சாட்டைத்தான் வைத்தார்கள்: நீர் இங்கே இருந்திருந்தால் என் சகோதரன் மரித்திருக்கமாட்டான். மார்த்தாளிடம் அவர் பேசினார், மரியாள் அழுவதைக் கண்டு கண்ணீர் விட்டார், இருவரையும் கடிந்துகொள்ளவில்லை. கெத்செமனேயில் சீஷர்கள் துக்கத்தினாலே தூங்கிப்போனார்கள் என்று லூக்கா எழுதுகிறார், நீங்களும் களைத்துப்போவீர்கள். உங்கள் பாரத்தைக் கொட்ட நண்பர் அல்லாத ஒருவரை வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் "எனக்கும் ஆண்டவர்மேல கோபம்தான்டா" என்பதை நண்பரிடம் ஒரு முறை சொல்லலாம். இரண்டு மாதத்துக்கு முன் அவர் எதிர்பார்த்தது அதுவாகவே இருந்திருக்கலாம்.

வேதாகமம் பைக்குள் இருக்கட்டும். ஏதாவது வாசி என்று அவரே கேட்கும் நாளில் 88ஆம் சங்கீதத்தை எடுங்கள். மற்றப் புலம்பல்களைப்போல் அது துதிக்குத் திரும்புவதில்லை. அறிமுகமானவர்கள் மறைந்துபோனார்கள் என்ற வரியோடு நின்றுவிடுகிறது. 18ஆம் வசனம்வரை வாசித்துவிட்டு மூடிவையுங்கள். ஆறுதலுக்கென்று அதன்பின் இன்னொரு சங்கீதத்தைச் சேர்க்காதீர்கள், எழுந்திருக்கவும் அவசரப்படாதீர்கள்.